கிசோக் வாங்கப்போன எட்டு மிதி

கல்யாணம் முடித்த ஆறு வருஷத்தில் கிசோக் தானாக எடுத்த முதல் முடிவு அது. எட்டு மிதி வைத்த சுவிச்சிங் பெடல் வாங்கியே தீர்வது.

காரணம் இருந்தது. பாண்டிருப்பில் ஒரு இசைக்குழுவின் கிற்றார்காரன் அவன். காலடியில் நாலு எஃபெக்ட் பெட்டிகள். எதிரொலிக்கு ஒன்று, கரகரப்புக்கு ஒன்று, அலையடிக்க ஒன்று, அழ வைக்க ஒன்று. பாட்டுக்குப் பாட்டு ஒவ்வொன்றாக மிதித்து அணைத்து, மிதித்து ஏற்ற வேண்டும். போன கிழமை காரைதீவில் ஒரு கல்யாணம். மணப்பெண் மெல்ல நடந்து வர, எதிரொலியை மிதிக்கப் போன கால் கரகரப்பில் விழுந்தது. மண்டபத்துக்குள் மரம் அரிகிற மெசின் புகுந்த மாதிரி ஒரு சத்தம். பெண்ணின் மாமா தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டார்.

சுவிச்சிங் பெடல் இருந்தால் அந்த வம்பில்லை. எந்தப் பெட்டி ஏற வேண்டும், எது அணைய வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். பிறகு ஒரே மிதி. நாலு மிதி வைத்ததும் உண்டு. உண்மையில் அவனுக்கு அதுவே தாராளம். ஆனால் மனசு எட்டிலே கிடந்தது. காசு வைத்த அலுமாரியின் திறப்புக்கொத்தோ மனைவி விதுஷாவின் இடுப்பில் கிடந்தது.

ஆகவே ஒரு சூழ்ச்சி. கல்முனையில் கிற்றாரிலிருந்து கிரைண்டர் வரை விற்கிற றிஸ்கான் நானாவிடம் முதல் நாளே போனான்.

"நானா, நாளைக்கு அவவோட வருவன். சின்னதைப் பற்றி நல்லதா ஒரு சொல்லும் சொல்லிராதீங்க."

"அது என்ட பொறுப்பு," என்றார் றிஸ்கான்.

மறுநாள் விதுஷா இரண்டு பெடலையும் குனிந்து பார்த்தாள்.

"நாலு காணாதா?"

றிஸ்கான் உதட்டைப் பிதுக்கினார். "தங்கச்சி, அது பிள்ளைகள் பழகுற சாமான்."

"இப்ப ஒவ்வொண்டா மிதிக்கிறார்தானே. அதுல என்ன குறை?"

கிசோக்குக்கு அருள் வந்துவிட்டது. "என்ன கதைக்கிறாய் விது? ஒண்டொண்டாச் செய்யிற காலமெல்லாம் போயிற்று. ஒருக்கா அமத்தினா வேலை தன்ட பாட்டில நடக்கணும்."

"எல்லாம் வரிசையா நடக்குமா?"

"ஓம்."

"குனிஞ்சு நிமிரத் தேவையில்ல?"

"தேவையே இல்ல. இடுப்பு நாரி நோகாது."

"சின்னதா ஒண்டு வாங்கினா?"

"பிறகு கவலைப்படணும். வாங்கினா பெரிசாத்தான் வாங்கணும்."

"விலை பாக்கக் கூடாது?"

"உடம்புக்கு முன்னால விலை என்ன விலை?"

விதுஷா தலையை ஆட்டினாள். இவ்வளவு லேசாக மடக்கிவிட்டோமே என்று கிசோக்குக்கு அவள் மீது இரக்கமே வந்தது.

"நானா, இவர் சொன்னதெல்லாம் கேட்டீங்கதானே," என்று அவள் கைப்பையைத் திறந்தாள். "பெரிசையே எழுதுங்க."

றிஸ்கான் எழுதினார். கிசோக் எட்டு மிதிப் பெட்டியைத் தூக்கப் போனான். றிஸ்கான் அதன் மேல் பதமாகக் கையை வைத்தார்.

"இது இல்ல தம்பி. தங்கச்சி எடுத்தது பெரிய வோஷிங் மெசின். செவ்வாய்க்கிழமையே வந்து பாத்திட்டுப் போனவ. நீங்க வேணாமெண்டு சொல்லுவீங்க எண்டு பயந்தவ. அவரையே கூட்டிற்று வாங்க, அவர்ட வாயாலயே சொல்லட்டும் எண்டு நான்தான் சொன்னன்."

"நானா, நேத்து நான் உங்களிட்டச் சொன்னது?"

"சின்னதைப் பற்றி நல்லதா ஒண்டும் சொல்லலியே."

கிசோக் விதுஷாவைப் பார்த்தான். எத்தனை வருஷமாக அவள் கிணற்றடியில் குனிந்து நிமிர்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. மெசின் வாங்குவதற்கான நியாயங்கள் எல்லாவற்றையும் அவனே சொல்லி முடித்திருந்தான்.

"அந்த நாலு மிதியையும் போடுங்க நானா," என்றாள் விதுஷா. "பிள்ளைகள் பழகுற சாமான்தானே, இவருக்குக் காணும்."

பின்னேரம் மெசின் வீட்டுக்கு வந்தது. அதைப் பொருத்திப் பூட்ட வந்தவர் பொத்தான்களைக் காட்டி, யாருக்குப் பழக்க வேண்டும் என்று கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் விளங்காது," என்றாள் விதுஷா. "எதை எப்ப அமத்துறதெண்டு படிச்ச ஆள் இவர்தான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் உடுப்புக் கழுவுவது கிசோக்.