பந்தலுக்குள் கேட்ட இடி

காமயகவுண்டன்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை விஜய்ராஜ் அவர்களுக்கு, மாமனார் பிச்சைமணி எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். திராட்சை மட்டும் நலமில்லை, காரணம் தாங்கள்.

தாங்கள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இனி முழுநேரமும் இசைதான் என்று முடிவெடுத்திருப்பதாகவும், அப்பா சரி என்றால் தனக்கும் சரி என்றும் நதியா போனில் சொன்னாள். தாங்கள் அனுப்பிய ராக் ஆல்பத்தைக் கேட்டு நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். இருபது வருடமாக ஊர்த் திருவிழாவுக்குக் கச்சேரி பேசி முடிப்பவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்பீக்கரை வைத்துப் போட்டுவிட்டேன். பாட்டே ஆரம்பிக்கவில்லை. கீபோர்டு ஒன்று முனகுகிறது, முனகுகிறது, முனகிக்கொண்டே இருக்கிறது, மோட்டார்தான் காற்று இழுக்கிறதோ என்று ஸ்விட்சை அணைத்துப் பார்த்தேன், அப்போதும் முனகியது, பத்து நிமிடமாகியும் பாடுகிற ஆள் வரவில்லை, சரி, வரும்போது வரட்டும் என்று அப்படியே ஓடவிட்டுத் திராட்சைப் பந்தலுக்குள் போனால் படார் என்று ஓர் இடி! அடுத்து மழை. பந்தலுக்குள் நின்றால் வானம் தெரியாது. பழுக்கிற நேரத்தில் மழை பட்டால் பழம் வெடித்துவிடும். "ஏலே முத்துப்பாண்டி, மழை வந்திருச்சு, வெட்டுங்கப்பா!" என்று நான் கத்த, தோட்டத்து ஆட்கள் ஆறு பேர் கத்தரியோடு பாய, நிறம் ஏறாத கொத்தெல்லாம் பாதித் தோட்டத்துக்கு இறங்கிய பிறகு, தங்கள் மாமியார் அய்யம்மாள் காபித் தூக்கோடு நனையாமல் வந்து நின்றாள்.

"வெளிய வெயிலு கொளுத்துது. நம்ம மாப்ள மழையவா பிடிச்சு அனுப்பியிருக்காக?" என்றாள்.

வியாபாரி கொத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆத்திரத்தோடு அணைக்கப் போனவன், மழைக்குப் பிறகு அந்த ஒற்றைக் கிடார் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அது அவசரப்படவே இல்லை. டிரம்ஸ் வரும் வரும் என்று காத்திருந்தேன். வந்தபோது நானும் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டேன். பாடுகிற ஆள் கடைசிவரை வரவில்லை, அவரைத் தேடவும் தோன்றவில்லை. திங்கட்கிழமையும் கேட்டேன். முதல்தரம். இருந்தாலும் வேலையை விடக் கூடாது. ஓர் இடிக்கே பாதித் தோட்டம் போய்விட்டது. இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இதுதான் என் தீர்ப்பு, இனி மாற்றமில்லை.

தங்கள் இருவருக்கும் குலசாமி என்றும் துணையிருக்கட்டும். அடுத்த முறை வரும்போது டிரம்ஸ் வாசித்தவரையும் கூட்டி வாருங்கள், அவருக்குக் கறிச்சோறு போட வேண்டும்.

இப்படிக்கு,
பிச்சைமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இன்னொரு தடவை கேட்கலாமென்று மோட்டார் ரூமில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை மழை இன்னும் பிரமாதமாக இருந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் வந்து கால் நனைந்த பிறகுதான் பார்த்தேன்: ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்து வெகு நேரமாகியிருக்கிறது. கொடியில் விட்டுவைத்த மீதிப் பழமெல்லாம் வெடித்துவிட்டது. இந்த வட்டாரத்திலேயே வெடிக்காத பழம் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வெட்டியது மட்டும்தானாம்; அதே வியாபாரி வாசலில் நிற்கிறார், நான்தான் இன்னும் முகம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை, வேலையை விட்டுவிடுங்கள். அப்பா சரி என்று சொல்லிவிட்டார் என்று நதியாவிடம் சொல்லுங்கள்.