நான் கடலில் விட்ட நல்ல தண்ணீர்

நாலெழுத்துப் படித்துவிட்டோம் என்ற நினைப்பு மனிதனைச் செவிடாக்கிவிடும். இருபத்திரண்டு வயதில் நான் முழுச் செவிடனாக இருந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில், ஒரு மீன் ஆராய்ச்சிக் கப்பலில் எனக்கு வேலை கிடைத்தது. பிடிபடும் மீன்களுக்கு எங்கள் கரையில் வழங்கும் பெயர்களைச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டும். (கல்முனைக் கடைத்தெருவில் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், கப்பலை ஓட்டப் போவதே நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.)

உள்ளே போனதும் கம்பீரம் கரைந்தது. நாலு பேருக்கு ஓர் அறை. சுவரோடு சேர்த்து அடித்த இரண்டடுக்குப் படுக்கைகள். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். கட்டிலுக்குக் கீழே ஸ்பிரிட்டில் ஊறும் மீன் சாடிகள். சாப்பாட்டுக் கோப்பை வழுக்காமலிருக்க மேசையில் ஈரத்துணி விரிப்பார்கள். தொழுகைக்கு நின்றால் கப்பல் திரும்பிவிடும். கிப்லா எந்தப் பக்கம் என்று சுக்கான் பிடிப்பவரிடம் கேட்க வேண்டும்.

சமையற்காரர் சாய்ந்தமருதைச் சேர்ந்த முத்தலிபு காக்கா. (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.) எனக்கு அந்த வேலையைச் சொல்லி எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

“மனே, இஞ்ச நல்ல தண்ணிதான் உசிரு. குளிக்கிறது உப்புத் தண்ணியில. வெளங்கிச்சா?” என்றார்.

“ஓம் காக்கா” என்றேன். விளங்கவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை. உப்பில் என் தலைமயிர் கூட்டுகிற தும்புக்கட்டை போல் நின்றது. ஒரு வாளி நல்ல தண்ணீரில் களவாகக் குளிப்போம் என்று சமையலறைக்குப் பக்கத்துக் குளியலறைக்குள் நுழைந்து குழாயைத் திறந்தேன். சொட்டுக்கூட வரவில்லை. பம்பு ஓடும் நேரத்தில்தான் தண்ணீர் வரும் என்பது எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து வயிற்றைப் புரட்டியது. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

அன்று சாடி கழுவுவதற்காகப் பம்பை நெடுநேரம் ஓடவிட்டார்கள். நான் திறந்துவிட்ட குழாய் வழியே நல்ல தண்ணீரெல்லாம் கடலுக்குப் போய், தாங்கியில் அடி மட்டும் மிஞ்சியது.

கப்பல் தலைவர் எல்லோரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டார். காலையில் அந்தக் குளியலறைப் பக்கம் போனவர் முத்தலிபு காக்காதான் என்று யாரோ சொன்னார்கள். தலைவர் அவரைப் பார்த்துக் கத்தினார். காக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஆட்கள் கலைந்து, ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தலைவரின் அறைக் கதவைத் தட்டி, “சேர், நான்தான்” என்றேன்.

ஆராய்ச்சி நின்றது. தண்ணீருக்காகக் கப்பல் கல்முனைக்கு நேரே நங்கூரம் போட்டது. கரையிலிருந்து தோணியில் தண்ணீர்ப் பீப்பாக்கள் வந்தன. தோணியில் நின்றவரைக் கண்டதும் எனக்குக் குளிர் காய்ச்சல் பிடித்தது. எனக்குக் கல்யாணம் பேசியிருந்த பெண்ணின் வாப்பா!

“எந்த மடையன் இவ்வளவு தண்ணியையும் கடல்ல விட்ட?” என்று கீழிருந்து கேட்டார்.

“நான்தான் மாமா.”

மாமா என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற காக்காவைப் பார்த்தார்.

“இவன் தானாச் சொன்னானா, பிடிபட்டுச் சொன்னானா?”

காக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

“கேட்ட உடனே சொல்லிட்டான். நல்ல பொடியன்” என்றார்.

அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. வேலை போய்விட்டது. இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி, “கடல்ல தண்ணி போதாதெண்டு ஊத்திட்டு வந்த மனிசன் இவர்தான்” என்று தொடங்கிவிடுவாள். பேரப்பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். “கேட்ட உடனே உள்ளதைச் சொல்லிட்டாராம்” என்று அவள் பெருமையாக முடிக்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன்.