நவநீதனின் ஒருநாள் வகுப்பு

“‘எங்க வீட்டு ஹால்ல எனக்கே படுக்க இடமில்ல.’ அதானே சொன்னீங்க? இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. ஜஹானாராவுக்குக் கேக்கல.”

மட்டுவார்குழலி சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாடி வீட்டு ஜஹானாரா, எதுவும் காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அப்படி முகத்தை வைத்துக்கொண்டாலே எல்லாம் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

நவநீதன் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பாய்லர் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட் வாங்கியதே ஒரு லட்சியத்துக்காக. மதியம் சாப்பிட்டதும் ஹால் தரையில் நீட்டிப் படுக்க வேண்டும். டிவியில் நாலு பேர் கத்திச் சண்டை போட வேண்டும். அந்தத் தாலாட்டில் தூங்க வேண்டும். ஷிஃப்ட் ஷிஃப்டாக உழைத்த மனுஷன் உலகத்திடம் கேட்டது இவ்வளவுதான். படுக்கையறையில் டிவி இல்லை. டிவி இல்லாத இடத்தில் அவருக்குக் கண் மூடாது. ஹெர்னியா ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தபோதுகூட ரிமோட் எங்கே என்று கேட்டவர்.

அந்த ஹாலில்தான் இப்போது அவர் மனைவி குழலி தினமும் மதியம் இங்கிலீஷ் கிளாஸ் நடத்துகிறாள். கான்வென்ட்டில் படித்தவள். படித்தது வீணாகக் கூடாதாம். ஜஹானாரா பிளவுஸ் தைத்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறாள், வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும். எதிர் ஃப்ளாட் நிஷாவுக்குப் பிள்ளையின் ஸ்கூல் மிஸ்ஸிடம் பதில் பேச வேண்டும். கீழ் வீட்டு ரெங்கம்மாளின் மகள் அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு, சம்பந்தியம்மாளோடு சண்டை போடக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாள்.

“இது வீடா, பஸ் ஸ்டாண்டா? டூ மச் லேடீஸ்!” என்றார் நவநீதன். கோபம் வந்தால் அவருக்கு இங்கிலீஷ் வரும்.

“டூ மெனி லேடீஸ்,” என்றாள் குழலி. “மச் போட்டா எங்களைக் கிலோ கணக்குல நிறுக்கணும். ரெங்கம்மாக்கா, தராசுல ஏறுறீங்களா?”

“நான் ஏறினா தராசு தாங்காதுடி,” என்றபடி ரெங்கம்மாள் சோபாவில் உட்கார்ந்தாள். சோபா முனகியது.

எல்லோரும் சிரித்தார்கள். நவநீதன் தலையணையோடு வெளிநடப்புச் செய்தார். கதவுக்கு வெளியே போன பிறகுதான் கையில் தலையணை இருப்பது தெரிந்தது. திரும்பி வந்து வைத்துவிட்டு மறுபடி வெளிநடப்புச் செய்தார்.

அன்று சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறையில், காவிரியைப் பார்த்தபடி அவர் சபதம் எடுத்தார். இந்தக் கிளாஸைக் கலைக்காமல் விடுவதில்லை! சண்டை போட்டுக் கலைக்க முடியாது. குழலியோடு போட்ட சண்டையில் அவர் ஜெயித்ததில்லை. டிரா செய்ததுகூட இல்லை. ஆனால் ஸ்டோர்ஸில் ஒரு வித்தை வைத்திருந்தார். ஆடிட் என்று யாராவது மிடுக்காக வந்தால், மலை மாதிரிக் கிடக்கும் போல்ட்டு நட்டைக் காட்டி, “எண்ணிக்கோங்க சார்” என்பார். மதியத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். ஆடிட்டரே ஓடினார். அடுத்த வீட்டு அம்மாக்கள் எம்மாத்திரம்?

மறுநாள் காலை தோசைக்கு நடுவில் பேச்சை எடுத்தார்.

“குழலி, இன்னிக்கு ஒரு நாள் நான் கிளாஸ் எடுக்கட்டுமா? பாவம், நீயும் எவ்வளவுதான் கத்துவ.”

குழலி அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “சுடலையே.”

“அந்த மச்சு, மெனி, ஃப்யூ, லிட்டில் எல்லாம் நான் சொல்லித் தரேன். ஸ்டோர்ஸ்ல நான் பாக்காத மச்சா, மெனியா? எண்ணி வாங்குறது, நிறுத்து வாங்குறது, ரெண்டே ஜாதிதான்.”

“வேண்டாங்க. ஒரு நாள் எடுத்தா அப்புறம் விட முடியாது.”

“ஒரே நாள்! என்னைக் கெஞ்ச விடாத.”

“உங்க இஷ்டம்,” என்றாள் குழலி. கெஞ்ச வைக்காமல் சம்மதிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அந்த இடத்தில் அவர் சுதாரித்திருக்க வேண்டும். இன்னொரு தோசை கேட்டார்.

மதியம் கிளாஸ் ஆரம்பித்தது. முசிறியிலிருந்து மச்சான் அனுப்பிய துவரம்பருப்பு மூட்டையை ஹாலுக்கு இழுத்து வந்தார். ஆளுக்கொரு தாம்பாளம் நிறைய அள்ளிக் கொட்டினார்.

“எண்ண முடிஞ்சா மெனி. எண்ண முடியலைன்னா மச். பருப்பு எந்த ஜாதின்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே எண்ணிப் பாத்துச் சொல்லணும். ஒண்ணு விடாம.”

சொல்லிவிட்டுத் தலையணையை ஓரக்கண்ணால் பார்த்தார். ரிமோட்டைத் தொட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒருத்திக்குத் தலைவலி வரும், ஒருத்திக்கு அடுப்பில் பால் ஞாபகம் வரும்.

பெண்களை விரட்ட ஆயிரம் வழி இருக்கலாம். அவர்கள் முன்னால் சுத்தம் செய்யாத பருப்பை வைப்பது அதில் சேராது என்பது அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

மூவரும் தட்டைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சோபாவை விட்டு இறங்கித் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கைகள் தானாகப் பொறுக்க ஆரம்பித்தன. வாய்கள் தானாகத் திறந்தன. கே.கே. நகரில் நின்றுபோன ஒரு கல்யாணத்தை அலசி முடித்து, தில்லை நகர் பல் டாக்டரிடம் வந்தபோது ஜஹானாரா தலை நிமிர்ந்தாள்.

“சார், பருப்பை எண்ண முடியாது. அதனால ஹவ் மச் தால். ஆனா இந்தக் கல்லை எண்ணலாமே? ஹவ் மெனி ஸ்டோன்ஸ்!”

“என் தட்டுல ஃப்யூ ஸ்டோன்ஸ், லிட்டில் டஸ்ட்,” என்றாள் நிஷா.

“எனக்கு மெனி மெனி ஸ்டோன்ஸ்,” என்றாள் ரெங்கம்மாள். “உங்க மச்சான் பருப்பு அனுப்பினாரா, ரோடு போட ஜல்லி அனுப்பினாரா?”

நவநீதன் அதட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் நிஷா, “இத்தனை நாளா குழம்பிக்கிட்டே இருந்தேன் சார். நீங்க சொன்னதும் பளிச்சுன்னு புரிஞ்சிடுச்சு,” என்றாள்.

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குச் சட்டை பட்டன் இறுகியது. தூக்கம், சபதம், எல்லாம் மறந்துபோயிற்று. இட்லிக்கு மெனி, சட்னிக்கு மச் என்றார். தலைமுடி எண்ண முடியாதது, அதனால் லிட்டில் ஹேர் என்றார்.

“உங்க தலையில எண்ணலாமே சார்!” என்றாள் ரெங்கம்மாள். அதற்கும் சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் குழலி ஒரு தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், மயில்கண் கரை வேட்டி, தாயார் சந்நிதிக் குங்குமம். மூவரும் எழுந்து நின்று தட்டில் கை வைத்தார்கள்.

“குருவுக்கு மரியாதை பண்ணாம இருக்கலாமா? வாங்கிக்கோங்க சார்,” என்றாள் ஜஹானாரா.

இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்தது.

“வேட்டி எப்ப வாங்கின?”

“நேத்து சாயங்காலம். நீங்க படித்துறைக்குப் போனீங்கல்ல, அப்ப.”

“நேத்து நான் கிளாஸ் எடுக்கறேன்னு சொல்லவே இல்லையே!”

“சொல்வீங்கன்னு தெரியும். ஆடிட்டரை ஓட்டின கதையைக் கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கறேன். மூட்டை மூட்டையா பருப்பு வேற கிடக்குது. துவரை முடிஞ்சுது. நாளைக்கு உளுந்து வெச்சுச் சொல்லிக் குடுங்க.”

“நாளைக்கா? ஒரே நாள்னுதானே...”

“தாம்பூலம் கை மாறியாச்சே!” ரெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “தாயார் குங்குமம் வெச்ச தட்டை வாங்கிட்டு மாட்டேன்னு சொல்லலாமா? நிச்சயதார்த்தத் தட்டை மாத்திட்டு மாப்பிள்ளை ஓடுற மாதிரி இருக்கு.”

தட்டைத் திருப்பிக் கொடுத்தால் அபசகுனம். கீழே வைத்தால் அதைவிட அபசகுனம். நவநீதன் ஏந்தியபடியே நின்றார்.

குழலி அவருடைய தலையணையை எடுத்து அக்குளில் செருகிக்கொண்டாள். ரிமோட்டையும் எடுத்தாள்.

“நான் உள்ள போய்க் கொஞ்சம் கண்ணசரறேன். டிவி கிவி போட்டுடாதீங்க. எனக்கு அமைதியா இருந்தாத்தான் தூக்கம் வரும்.”

படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

“அடுத்தது என்ன சார்?” என்றாள் நிஷா.

கத்திக் கத்தி நவநீதனுக்குத் தொண்டை வறண்டிருந்தது. மூடிய கதவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் கேட்டார்.

“கேன் ஐ ஹேவ் எ லிட்டில் காபி, ப்ளீஸ்?”

மூன்று தலைகளும் நோட்டில் கவிழ்ந்தன. “காபியை எண்ண முடியாது. அதான் லிட்டில்,” என்று ஜஹானாரா பக்கத்தில் கிசுகிசுத்தாள்.

“மெதுவாச் சொல்லுங்க சார். எழுதிக்கறோம்,” என்றாள் நிஷா.

நவநீதன் கதவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

“கேன்... ஐ... ஹேவ்... எ லிட்டில்... காபி... ப்ளீஸ்?”