படிகத்துக்கு அடித்த மணி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் உடனே சாமிக்குத் தெரிவித்துவிடுவேன், அதுவும் மணியடித்து. (சாமிக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.)

நான் செக்காலையில் மளிகைக்கடை வைத்திருப்பவன். படிப்பு பத்தாவது. மகள் வள்ளி ஆராய்ச்சி மாணவி. அன்று அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். பிள்ளை முகம் வாடியிருந்தது.

“படிகத்துக்குள்ள அணுவோட கரு எல்லாம் குட்டிக் காந்தம் அப்பச்சி. காதுக்கு எட்டாத சத்தத்தை உள்ள அனுப்புறேன். சுருதி சரியா அமைஞ்சா, அந்தக் காந்தம் சத்தத்துல கொஞ்சத்தைக் குடிச்சுரும். திரையில கோடு பள்ளமா விழும். மூணு நாளா விழலை. குளுரவைக்கிற ஹீலியம் சாயங்காலம் வரைக்கும்தான். விட்டா இன்னும் மூணு மாசம் காத்திருக்கணும்.”

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தம் போதவில்லை.

சாப்பிட்டுவிட்டு அவள் திரை இருந்த பக்கத்து அறைக்கு, தன் பேராசிரியையிடம் போனாள். வரும் வழியில், உடைந்த பிடியைப் பற்றவைத்து வாங்கிய வீட்டுப் பூஜை மணி என் பையில் இருந்தது. பம்பு இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், பிள்ளையாரை நினைத்து, படிகம் இருந்த இயந்திரத்தை ஒட்டி நின்று ஆட்டினேன்.

“விழுந்துருச்சு மேடம்” என்று வள்ளி கத்தினாள். எனக்குப் புல்லரித்தது. மறுபடி ஆட்டினேன். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு முழுத் தீபாராதனைக்கே அடித்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே அவளுடைய பேராசிரியை.

“ஐயா, என்ன செய்யிறீக?”

“சத்தம் பத்தலையோன்னு...”

அந்தம்மா கோபப்படவில்லை. “வள்ளி, கோட்டைப் பாரு. ஐயா, அடிங்க.”

அடித்தேன். “விழுது மேடம்.”

“நிறுத்துங்க.”

“நேராயிருச்சு மேடம்.” வள்ளியின் குரல் உடைந்திருந்தது. (மணியின் அதிர்வில் மேசை ஆடியிருக்கிறது. படிகம் பாவம், எதையும் குடிக்கவில்லை.)

“வெளிய வேப்பமரத்தடியில உக்காருங்க அப்பச்சி. சாமிகிட்ட வாயால சொல்லுங்க, போதும்.”

மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வந்த இருமலைக்கூட விழுங்கினேன். கடைசியில் வள்ளி வந்தாள்.

“விழுந்துருச்சு. சின்னப் பள்ளம்தான்.” என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க இங்குட்டேதான இருந்தீக?”

நாக்கின் தடம் பதிந்த விரல்களைக் காட்டினேன். அதன் பிறகுதான் சிரித்தாள்.

அவளுடைய ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில், பேராசிரியைக்கு அடுத்த வரி: “அன்று சாயங்காலம் மணியடிக்காமல் இருந்த என் அப்பச்சிக்கு.” அந்தப் பக்கத்தை என் மனைவி சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கிறாள், மணிக்கு நேர் மேலே.