மயக்கத்தில் கிடைத்த மச்சான்

ஒருமுறை தும்மினால் ‘நூறு’ என்று வாழ்த்த ஆள் இருக்கும். விடாமல் தும்முகிறவனை யாரும் வாழ்த்துவதில்லை, நாற்காலியைத்தான் நகர்த்திக்கொள்வார்கள். மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் என் மேசையைச் சுற்றி ஒரு மைதானமே உருவாகியிருந்தது. வீட்டில் நகர்ந்துகொள்ளவும் ஆள் இல்லை. அப்பா அம்மா போன பிறகு நானும் என் மூக்கும்தான்.

மாத்திரை, ஸ்ப்ரே எல்லாம் பார்த்தாயிற்று. அலர்ஜியால் மூக்குக்குள் சதை வீங்கி வழியை அடைத்துவிட்டது, ஆப்ரேஷன் செய்தால் மூச்சாவது விடலாம் என்றார் சிதம்பரத்தில் ஒரு டாக்டர். கம்மாபுரத்தில் இருக்கும் அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு ஆயிரம் வேலை, எதற்குத் தொந்தரவு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். (கூப்பிட்டு, அவள் வராமல் போய்விட்டால்? அதுதான் நிஜமான பயம்.) ஒரு லுங்கி, ஒரு துண்டோடு மாவீரனைப்போல் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

“கூட யாரு வந்திருக்கா?” என்றார் நர்ஸ்.

“நான்தான்.”

“நீங்க பேஷண்ட். கூட யாருன்னு கேக்கறேன். ஆள் இல்லாம தியேட்டருக்குள்ள உட மாட்டாங்க.”

போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். காஸ், தண்ணி கேன், எலக்ட்ரீசியன், இன்னொரு எலக்ட்ரீசியன்... ஓர் ஊரே இருந்தது. கூப்பிட ஒருவர் இல்லை.

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டும் செல்வம். அப்பாவின் காது ஆப்ரேஷனுக்காக அங்கேயே தங்கியிருந்தார்.

“நான் வேணா ஒங்க மச்சான்னு சொல்லிடறேன் சார். எப்புடியும் இங்கதான் கெடக்கப்போறேன்.”

என் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக மயங்கினேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டிருக்கிறாள். நர்ஸ் பக்கத்திலேயே நின்றதால் செல்வம் வேஷத்தைக் கலைக்கவில்லை.

“நான் அவரு மச்சான் பேசறேன்.”

“எந்த மச்சான்?”

“அவரு பொண்டாட்டியோட அண்ணன்ங்க. மாப்ள ஆப்ரேஷன்ல இருக்காரு.” கூடவே ஆஸ்பத்திரிக்கு வழியும் சொல்லியிருக்கிறார்.

நான் கண் விழித்தபோது எதிரில் அக்கா. பின்னால் அவள் புருஷன், எங்கள் மாமா.

“எவடா அவ?”

மூக்குத் துளை இரண்டிலும் பஞ்சு. மெல்லின எழுத்து ஒன்றுகூட வெளியே வரவில்லை. “எடக்குக் கல்யாடபே ஆகலக்கா!”

அக்கா தனக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மாமாவிடம் திரும்பினாள். “பாத்தீங்களா, ஒத்துக்கிட்டான்!”

அப்புறம் அழுதாள். “ஒரு வார்த்த சொல்லத் தோணலையாடா? நாங்க வரமாட்டமா?”

அவள் கல்யாணத்தைப் பற்றித்தான் கேட்டாள். எனக்கு ஆப்ரேஷனைப் பற்றிக் கேட்டது போலிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கை உறிஞ்சக்கூட வழியில்லை.

செல்வம் கையைக் கட்டிக்கொண்டு வந்து நடந்ததைச் சொன்னார். அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மாமாதான் முதலில் சிரித்தார்.

“மூக்குல பஞ்சு இருக்கு, பொழச்சிப் போ” என்றாள் அக்கா. அன்று அவள் ஊர் திரும்பவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துக்கொண்டாள்.

இப்போது மூச்சு தாராளமாக வருகிறது. அலர்ஜி அப்படியேதான் இருக்கிறது, ஸ்ப்ரேயும் தொடர்கிறது. செல்வமும் தொடர்கிறார். தீபாவளிக்கு அக்கா அதிரசத்தை இரண்டு பொட்டலமாகக் கட்டுகிறாள். “இது ஒனக்கு. இது பொண்ணு வூட்டுக்கு.” பொங்கலுக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து கரும்புக் கட்டு வந்துவிடுகிறது. சம்பந்தி முறை எதிலும் குறையில்லை.

பொண்ணுதான் இன்னும் வரவில்லை.