ஆறுமணிநேரம் அண்ணனின் முதல் ஊசி

தும்மப் போவதைக் காலையிலேயே அறிவித்துவிட்டு மத்தியானம் தும்முகிற மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். கச்சிராயபாளையம் பக்கம் நான் வேலை பார்த்த மீன்குஞ்சுப் பண்ணையில் அவர்தான் ஊசி போடுவார். நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஆறுமணிநேரம் என்றுதான் கூப்பிடுவோம்.

சினை மீனுக்கு முதலில் கொஞ்சூண்டு மருந்து, ஆறு மணி நேரம் கழித்து மீதி. அப்போதுதான் முட்டையிடும். ஒரேயடியாகப் போட்டால் என்ன என்று கேட்டு மாட்டிக்கொண்டேன்.

“மீன் மூளைக்குக் கீழ கடுகாட்டம் ஒரு சுரப்பி கீதுடா. மொத ஊசி, அதுக்குக் காது முளைக்கறதுக்கு. ரெண்டாவதுதான் சேதி. காதே இல்லாதவன்கிட்ட கத்திக்கினு இருந்தா இன்னா பிரயோஜனம்?”

மனுஷருக்கும் அதே வைத்தியம்தான். காலையில் மேனேஜரிடம், “வெள்ளிமலைல நல்ல மழையாம் சார்” என்பார். மேனேஜர் முழிப்பார். சாயங்காலம் போய், “நாளைக்கு லீவு சார்.” டீக்கடையில் பத்து மணிக்குத் தலையை மட்டும் காட்டிவிட்டு, நாலு மணிக்குக் குடிக்க வருவார். கடுப்பான கடைக்காரர் ஒருநாள் பத்து மணிக்கே ஒரு ஸ்பூன் டீயை நீட்டி, “மீதி நாலு மணிக்கு” என்றார். தன்னைப் புரிந்துகொள்ள ஊரில் ஒருவராவது இருக்கிறாரே என்று அண்ணனுக்கு ஒரு வாரம் சந்தோஷம்.

ஊசி மருந்தே வேறு மீன் தலையிலிருக்கும் அந்தச் சுரப்பியை அரைத்து எடுப்பதுதான். அதற்கு மீன் தலை வாங்குவது சந்தையில் மீன் வெட்டும் ஸ்டெல்லாவிடம். சுரப்பியை நோண்டிக்கொண்டு, குழம்புக்கு ஆகுமே என்று தலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டு வருஷமாக இதுதான் காதல். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் நாற்பது வயதுக்காரர் இனியும் தள்ளிப்போட முடியாது என்று முடிவெடுத்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

“ஸ்டெல்லா, எங்க வூட்ல ரெண்டு நாற்காலி கீதுங்க.”

அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார். பண்ணைக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

“மூணு மணிக்கு அது கடைய மூடிட்டுப் போயிடும்ண்ணே. இப்பவே போய்ச் சொல்லுங்க.”

“காது முளைக்கட்டும்டா.”

பன்னிரண்டரைக்கு, வெட்டுக்கத்தியோடு ஸ்டெல்லாவே கேட்டில் வந்து நின்றாள்.

“இன்னொரு நாற்காலி யாருக்குங்க?”

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் மூணரை மணிநேரம் கீதுங்க.”

“எனக்கு ரெண்டு வருஷமா காது முளைச்சிக் கிடக்குது. சொல்லுங்க.”

சொன்னார். திக்கித் திணறி, ஆனால் ஒரே டோஸில் சொன்னார்.

நான் இப்போது கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். சில காலைகளில் அண்ணன் போன் செய்து, “சும்மாதான்டா” என்று வைத்துவிடுவார். வீட்டுக்கு வாடா என்கிற இரண்டாவது போன் சாயங்காலம்தான் வரும். அதற்கெல்லாம் நான் காத்திருப்பதில்லை. முதல் போனுக்கே பஸ் ஏறிவிடுகிறேன். எனக்காக அங்கே மூன்றாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.