நம்ப் என்றால்

“நம்ப் ஆயிருச்சுங்களா?” என்று கேட்டார் பீளமேட்டுப் பல் ஆஸ்பத்திரி நர்ஸ்.

“நம்பறனுங்க,” என்றான் பாலகோபால்.

“அது இல்லீங்க. நம்ப்னா உணர்ச்சி போறது. மரத்துப்போச்சான்னு கேட்டேன்.”

மரத்திருந்தது. டாக்டர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியதே தெரியவில்லை. நாக்கும் உதடும் வேறு யாருடையவோ போலிருந்தன. மனசுதான் மரக்கவில்லை. “எதைச் சொன்னாலும் மரமாட்டம் நிக்கிறீங்க” என்று கோபித்துக்கொண்டு, மனைவி சித்திகா கொடுமுடியிலுள்ள அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம். பல் போன சேதியை அவளிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

எதிரே எஸ்.டி.டி. பூத். மாமனார் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாளுக்கு அடித்தால், அவளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

“அழோ,” என்றான். ஹலோ அப்படித்தான் வந்தது.

“ஏனுங்க! நீங்களா?”

ஒரே இரைச்சல். ஆனாலும் அந்த ‘ஏனுங்க’ சித்திகாவேதான். போன் பக்கத்திலேயே காத்துக் கிடந்திருக்கிறாள்!

“இப்பத்தான் நெனப்பு வந்துச்சுங்களா? ஏன் கொழகொழங்கறீங்க? குடிச்சிருக்கீங்களா?”

“இழ்ழ... நம்ப்... நம்ப்...”

“உங்களை நம்பி நம்பித்தான் இப்படி ஒண்டியா உக்காந்திருக்கேன்!” டொக்கென்று போன் வைக்கப்பட்டது.

பாலகோபால் டாக்டரிடம் ஓடி, நடந்ததைக் குழறினான்.

“இங்கிலீஷ்ல அந்தக் கடைசி ‘பி’ எழுதறதோட சரிங்க, சொல்லக் கூடாது. நம்னு சொல்லோணும்,” என்றார் அவர்.

மறுபடி போன். “நம்... நம்...”

“நம்மளா? நம்மன்னு ஒண்ணு இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமுங்களா?”

இனி இங்கிலீஷே வேண்டாம் என்று, “உணழ்ச்சி போயிழுச்சு,” என்றான்.

“எப்பங்க இருந்துச்சு, போறதுக்கு?” பிறகு அழுகை. “நேர்ல வாங்க. ஒண்ணும் கேக்க மாட்டேன். வந்தாப் போதும்.”

அவன் அப்படியே பஸ் ஏறிவிட்டான். ஈரோடு தாண்டும்போது ஊசியின் வேகம் இறங்கி வலி ஏறியது. வீங்கிய கன்னத்தில் கண்ணீர் வழிய, மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“ஐயோ, கன்னத்துக்கு என்னங்க ஆச்சு?” ஓடிவந்த சித்திகா அவன் முகத்தைத் தாங்கிப் பிடித்தாள். “அழுவறீங்களா? நீங்களா?”

“போன்ல நீ கூப்பிட்டதும் இருப்புக் கொள்ளல, கண்ணு.”

“நா எங்கீங்க கூப்பிட்டேன்? காலையில இருந்து ஊட்டை விட்டு நகரவே இல்லீங்களே.”

பக்கத்து வீட்டு வாசலில் லட்சுமியம்மாள் பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாகத் தெருமுனையைப் பார்த்து நின்றிருந்தார். போர்வெல் லாரியோடு வடக்கே போன அவருடைய கணவரிடமிருந்து மூன்று வருடமாக ஒரு தகவலும் இல்லை. இவர்கள் பேச்சு காதில் விழ, மெல்லத் திரும்பினார்.

“அப்ப... போன்ல பேசுனது எங்க ஊட்டுக்காரரு இல்லீங்களா?”